பனிமலைக்கு முதல் தரம் போற திருக்கோணமலை ஆக்கள் எங்க போறது? சுவிஸ், நேபாளம், உத்தராகண்ட், கனடா

எங்கட கூட்டத்தில இந்தக் கதை போன வருசக் கடைசியில இருந்து ஓடுது. எல்லாரும் திருக்கோணமலை, ரெண்டு பேர் மட்டும் கிண்ணியா, வேலை பிள்ளை குட்டி எண்டு இருக்கிற ஆக்கள், வாழ்க்கையில ஒருக்காவது ஸ்னோவில கால் வைச்சு ஒரு உண்மையான மலையில நடந்து பார்க்கோணும் எண்டு காசு சேர்க்கிறாங்க. எங்க போறதெண்டு கேட்டா ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. ஒருத்தருக்கு சுவிஸில அக்கா இருக்கிறா, இன்னொருத்தர் நேபாளத்து அன்னபூர்ணா பேஸ்கேம்ப் வீடியோவைப் பார்த்திட்டு அதிலயே நிக்கிறார், பொடியன்மார் உத்தராகண்ட்ல இருக்கிற கேதார்கந்தா மலை எண்டுறாங்க ஏனெண்டா அதுதான் காசு குறைவு, ஒரு அண்ணைக்கு குடும்பமே கனடாவில. நான் நேபாளமும் சுவிஸும் போய் நடந்த ஆள், மற்ற ரெண்டையும் போறதுக்காகக் கனகாலமா வாசிச்சு வைச்சிருக்கிறன், அதால என்னட்டத்தான் கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்லிச் சொல்லி முடியேல்ல, அதான் முழுசா எழுதிவிடுறன்.

டிக்கட் எவ்வளவு, விசா கிடைக்குமா, எவ்வளவு உயரம், படம் எங்க நல்லா வரும், இந்த நாலையும் வைச்சுத்தான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறாங்க, அதுவும் தேவைதான், ஆனா நான் முதல்ல பார்க்கிறது வேற: அண்டைக்கு அந்த மலையில பனி எப்பிடி இருக்கெண்டு எனக்கு யாராவது காலமையே சொல்லுவாங்களா, சொல்லிப்போட்டாங்க ஆபத்தெண்டு, அப்ப நான் போகாம நிக்க எனக்கு நாளும் காசும் மிச்சம் இருக்கா. இந்த ரெண்டுக்கும் விடை "ஓம்" எண்டு வாற இடத்துக்குத்தான் பனியைத் தெரியாத ஒராள் முதல் தரம் போகோணும். நாங்க கடலுக்குப் பக்கத்தில வளந்த சனம், காத்தையும் மழையையும் பார்த்தாத் தெரியும், பனியைப் பார்த்தா ஒண்டும் தெரியாது, வெள்ளையா வடிவா இருக்கும், அவ்வளவுதான்.

பனிச்சரிவு எண்டா மேல இருந்து ஒரு உருண்டை உருண்டு உருண்டு பெருசாகி வாறது எண்டுதான் கனபேர் நினைக்கிறாங்க. ஆக்களைக் கொல்லுறது பெரும்பாலும் அது இல்ல. ஸ்னோ ஒரே நாள்ல விழுந்து முடியிறதில்ல, ஒவ்வொரு தரமும் விழுறது ஒரு அடுக்கு, அந்த அடுக்குகள்ல ஏதாவது ஒண்டு பலமில்லாம இருக்கும், உதாரணத்துக்கு கடுங்குளிர்ல மெல்லிசான பனி நிலத்தோட கிடந்து கிடந்து அதின்ர துகள்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டாத பெரிய படிகமா மாறிப்போயிடும், அதுக்கு மேல காத்து அடிச்சு இறுகின புதுப்பனி ஒரு தட்டாப் படியும். சீனியைப் பரப்பி அதுக்கு மேல ஒரு பலகையை வைச்சுச் சரிச்சுப் பிடிச்ச மாதிரித்தான். அதில ஒரு மனிசன்ர பாரம் ஏறினாலே கீழ அந்தப் பலமில்லாத அடுக்கு உடைஞ்சு, வெடிப்பு கண்மூடித் திறக்கிறதுக்குள்ள சரிவு முழுக்க ஓடி, காலுக்குக் கீழ இருக்கிற முழுத் தட்டும் பாளம் பாளமா வழுக்கி இறங்கும். அதைத்தான் ஸ்லாப் எண்டு சொல்லுறாங்க. சரிவு 30 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் இது பெரும்பாலும் நடக்கும், 35இல இருந்து 40 வரைக்கும்தான் ஆகக்கூட. அந்தச் சரிவைப் படத்தில பார்த்தா பெரிய குத்தாத் தெரியாது, அதுதான் பயம். பனிச்சரிவில மாட்டிச் செத்த ஆக்கள்ல பத்தில ஒம்பது பேரளவுக்கு அந்தப் பனித்தட்டை உடைச்சது அவங்களே, இல்லாட்டி அவங்கட கூட்டத்தில ஒராள். நாங்க சும்மா நடந்து போறம், அது தானா வந்து விழுந்தா விதி, எண்டு சொல்லிட்டு இருக்கேலாது.

காத்தைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்லோணும். ஸ்னோ விழாத நாள்லயும் காத்து ஒரு பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டு போய் முகட்டுக்கு அங்கால மறைவான பக்கத்தில குவிக்கும், வானத்தில இருந்து விழுறதை விடப் பலமடங்கு வேகமா அங்க தட்டுப் படியும். அதால வானம் நீலமா, வெயில் எறிச்சு, படம் எடுக்க ஆக வாசியான நாளா இருக்கும், நேற்றிரவு அடிச்ச காத்தால அந்தச் சரிவு நிரம்பி வழிஞ்சு நிக்கும். நடக்கேக்க காலுக்குக் கீழ "வும்ப்" எண்டு ஒரு அடைச்ச சத்தம் கேட்டா, இல்லாட்டி கால் வைச்ச இடத்தில இருந்து கோடு மாதிரி வெடிப்பு ஓடினா, அந்த இடத்திலயே நிண்டு, வந்த அடியிலயே திரும்பி வாறதுதான் வேலை.

இப்ப சுவிஸ். அங்க டாவோஸில எஸ்எல்எஃப் எண்டு பனியையும் பனிச்சரிவையும் ஆராயிற நிறுவனம் இருக்கு, மாரிகாலம் முழுக்க ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கு நாளைய நிலைமையைப் போடுவாங்க, காலமை 8 மணிக்குத் திருத்திப் போடுவாங்க, ஜெர்மன், பிரெஞ்ச், இத்தாலியன், இங்கிலிஷ் நாலிலயும் வரும். வைட் ரிஸ்க் எண்டு அவங்கட ஆப்பும் இருக்கு, எந்தப் பள்ளத்தாக்கு, எந்த உயரத்துக்கு மேல, எந்தத் திசையைப் பார்த்த சரிவு, என்ன வகைப் பிரச்சினை எண்டு படத்தோட காட்டும். ஆபத்தை 1இல இருந்து 5 வரைக்கும் போடுவாங்க. இதில எங்கட ஆக்கள் பிழையா விளங்கிக்கொள்ளுற ஒரு விசயம்: 3 எண்டா நடுவில இருக்கு, பரவாயில்ல, 5க்குத்தான் பயப்படோணும் எண்டு நினைக்கிறது. சுவிஸில மாரிகால நாள்கள்ல கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு நாள் 3தான், ஆனா சாவுகள்ல கிட்டத்தட்டப் பாதி அந்த 3 நாள்கள்லதான் நடக்குது. 5 எண்டா ரோட்டை மூடி ஊரையே வீட்டுக்குள்ள வைச்சிடுவாங்க, ஒருத்தரும் மலைக்குப் போகமாட்டாங்க, 3 அண்டுதான் வெளிய வெயில் எறிக்கும், சனம் போகும்.

சுவிஸில வருசத்துக்குச் சராசரியா 20 பேரளவில பனிச்சரிவில சாகிறாங்க, அதில கிட்டத்தட்ட எல்லாரும் குறிச்ச பாதையை விட்டு வெளியில ஸ்கீயிலயோ ஸ்னோஷூவிலயோ போன ஆக்கள். 1999 பெப்ரவரியில எவொலேன் எண்ட ஊருக்கு மேல வந்த சரிவு 12 பேரைக் கொண்டுபோனது, வீட்டுக்கும் ரோட்டுக்குமே வரும் எண்டதுக்கு அது சாட்சி, ஆனா அப்பிடி நடக்கிறது அபூர்வம். அதால சுவிஸ் எண்டு சொல்லேக்க ரெண்டு சுவிஸ் இருக்கெண்டு நினைச்சுக்கொள்ளுங்க. ஒண்டு, ரோஸ் நிறத்தில பலகை நட்டு வைச்ச மாரிகால நடைபாதை. பனியை மெசின் விட்டு இறுக்கி வைச்சிருப்பாங்க, ஆபத்தெண்டா தடுப்புப் போட்டு மூடுவாங்க, கேபிள் கார்ல ஏறி ஒரு நல்ல உயரத்தில இருந்து நடக்கலாம். கிரிண்டல்வால்ட்ல இருந்து ஃபிர்ஸ்ட் போய் பாக்ஆல்ப்ஸே பக்கம் நடக்கிறது அப்பிடி ஒரு பாதை, 2,200 மீட்டர் உயரம், முன்னுக்கு ஐகர், ஷ்ரெக்ஹோர்ன் மலைகள் நிக்கும், பாதை அகலம், சின்னப் பிள்ளைகள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகுங்கள். ரீடர்ஆல்ப்ல இருந்து பெட்மெர்ஆல்ப் போற பாதையும் அப்பிடித்தான், கார் இல்லாத ஊர்கள். மற்ற சுவிஸ், அந்தப் பலகையைத் தாண்டினா வாற சுவிஸ். அங்க மலைக் கைட் இல்லாம எங்கட ஆக்கள் போகவே கூடாது. கைட் ஒருத்தருக்கு நாளுக்கு 600 பிராங்குக்கு மேல போகும், அந்தக் காசு கூட எண்டு தோணினா அந்தப் பக்கம் போகாம விடுறதுதான் சரி.

பேர்ண்ல எங்கட மச்சான் ஒருத்தர் இருக்கிறார், கனகாலமா ஸ்கீ டூர் போறவர், அவர் பின்னேரம் 5 மணிக்கு சாப்பாட்டு மேசையில போனை வைச்சு அந்த புல்லட்டினை எல்லாருக்கும் சத்தமா வாசிப்பார், பிள்ளைகளுக்கும், பிறகுதான் நாளைக்கு எங்க எண்ட கதை. அவர் வடக்குப் பார்த்த சரிவு 2,200க்கு மேல 3 எண்டு இருந்தா அந்தத் திசையை விட்டு, 30 டிகிரிக்குக் குறைஞ்ச இடமா தேடுவார், அப்பிடி இல்லாட்டிப் பேசாம பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சறுக்குப்பாதைக்குப் போவார். போகாம விட்ட நாளைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டுக் கதைச்சதை நான் கேட்டதில்ல. சுவிஸ் போறதில ஆகப்பெரிய லாபம் என்னைப் பொறுத்தவரை இதுதான், பனியை வாசிக்கத் தெரிஞ்ச ஒரு வீட்டு ஆளோட இருந்து, ஒரு கிழமை முழுக்க அந்த வாசிப்பைப் பார்க்கலாம்.

பிரச்சினை விசாவும் காசும். கொழும்புக்குப் போய் கைரேகை குடுத்து, வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி வரைக்கும் கட்டிக் குடுத்தும் ரிஜெக்ட் ஆகின ஆக்கள் எங்கட தெருவிலயே இருக்கிறாங்க. அக்கா ஸ்பொன்சர் எழுதினாலும் உறுதி இல்ல. அதால சுவிஸை நம்பி மற்ற எல்லாத்தையும் விட்டிட்டு இருக்கவும் ஏலாது.

நேபாளம். இதுக்கு எனக்கு நல்ல விருப்பம், ஆனா இதைப் பற்றித்தான் ஆகக் கவனமாச் சொல்லோணும். சார்க் நாட்டு ஆக்களுக்கு வருசத்தில முதல் தரம் போகேக்க 30 நாள் விசா சும்மா கிடைக்கும், அன்னபூர்ணா பகுதிக்கான பெர்மிட்டும் எங்களுக்கு 1,000 நேபாள ரூபா, மற்ற வெளிநாட்டு ஆக்களுக்கு 3,000. போக்காராவில இருந்து வெளிக்கிட்டா 4,130 மீட்டர்ல பேஸ்கேம்ப், வழி முழுக்க டீஹவுஸ் எண்ட சின்னத் தங்குமிடங்கள், பருப்பும் சோறுமா டால்பாத், சூடான தண்ணி. இதெல்லாம் சரி. ஆனா சுவிஸில இருக்கிற மாதிரி பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா, திசை திசையா ஒவ்வொரு நாளும் போடுற பனிச்சரிவு அறிக்கையை அங்க எதிர்பார்க்கேலாது. டீஹவுஸ்காரர் சொல்லுறது, கைட் சொல்லுறது, மேல இருந்து இறங்கி வாற ஆக்கள் சொல்லுறது, இதுதான் அறிக்கை.

அந்தப் பாதையில ஒரு இடம் இருக்கு, ஹிங்கு குகைக்கும் தேவ்ராலிக்கும் அங்கால மச்சாபுச்ச்ரே பேஸ்கேம்ப் வரைக்கும். பள்ளத்தாக்கு ஒடுங்கி, ரெண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, மேல ஹியுஞ்சுலி மலையின்ர பனி மூடின சரிவுகள் தொங்கிக்கொண்டிருக்கும், ஆனா பாதையில நடக்கிற ஆளுக்கு அந்தப் பனி கண்ணுக்கே தெரியாது, பாறையும் புல்லும்தான் தெரியும். நிண்டு அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. கீழ வெயில், டீசேட்டோட நடப்பீங்க, அங்க மேல நேற்று விழுந்த பனி வெயில் பட்டு இளகிக்கொண்டிருக்கும். 2020 ஜனவரி 17இல ஹிங்கு குகைக்குக் கிட்ட இப்பிடித்தான் சரிவு வந்து 4 தென்கொரியர், 3 நேபாளியர் அடிபட்டுப் போனாங்க, பனி உருகின பிறகுதான் உடல்களை எடுக்க ஏலுமா இருந்தது. அதால அந்தத் துண்டை விடியக் கருக்கல்லயே, பனி இறுகி இருக்கிற நேரத்தில, இடைவெளி விட்டு ஒராள் ஒராளா, நிக்காமக் கடக்கோணும், மத்தியானத்துக்குப் பிறகு அதுக்குள்ள போகவே கூடாது. புதுப்பனி விழுந்தா குறைஞ்சது ஒரு நாள் தேவ்ராலியில, இல்லாட்டி அதுக்குக் கீழ நிண்டு பார்க்கோணும். ஆபத்தான காலத்தில ஆத்துக்கு அங்கால கிழக்குப் பக்கத்தால சுத்திப் போற ஒரு பாதையும் இருக்கு, கைட்மாருக்கு அது தெரியும், கேளுங்க.

எந்த மாசம் எண்டது இங்க எல்லாத்தையும் தீர்மானிக்கும். ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் எங்கட ஆக்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். நவம்பர் நடுப்பகுதியில இருந்து டிசம்பர் முதல் கிழமைகள் வரைக்கும் பாதை பெரும்பாலும் காஞ்சு கிடக்கும், மேல பேஸ்கேம்ப்ல மட்டும் கொஞ்சம் ஸ்னோ இருக்கும், எங்கட ஸ்கூல் லீவும் டிசம்பர்லதான் தொடங்குது. ஏப்ரல்ல புதுவருச லீவுக்குப் போகலாம் எண்டு ரெண்டு பேர் சொல்லுறாங்க, போகலாம், ஆனா பின்னேரத்தில மழையும் பனியும் வாற காலம், அந்த ஒடுங்கின துண்டுக்கு ஒரு நாளைக் கூடக் கையில வைச்சுக்கொண்டு போங்க.

ஒக்டோபர்தான் ஆகச் சிறந்த மாசம் எண்டு எல்லா ஏஜென்சியும் சொல்லுவாங்க. 2014 ஒக்டோபர் 12இல விசாகப்பட்டினத்தில கரை ஏறின ஹுட்ஹுட் புயல் ரெண்டு நாள்ல வடக்க போய் நேபாளத்தில 5,416 மீட்டர் தொரோங் லா கணவாயில பனிப்புயலா இறங்கி, பனிச்சரிவுகளும் சேர்ந்து, அந்தப் பகுதியில 43 பேரைக் கொண்டது. ட்ரெக் போன வெளிநாட்டு ஆக்கள், கைட்மார், சுமை தூக்கினவங்க, யாக் மாடு மேய்ச்ச சனம் எல்லாரும் அதில இருந்தாங்க. எங்கட வங்காள விரிகுடாவில பிறந்த புயல் அது. 2020 டிசம்பர்ல புரெவி எங்கட கரைக்கு வரேக்க போன்ல அந்த வட்டம் வட்டமா ஓடுற படத்தை ராத்திரி முழுக்கப் பார்த்த ஊர்தானே இது, அதே படத்தை நேபாளம் போறதுக்கு முதல் கிழமையும் பாருங்க. தாழமுக்கம் ஒண்டு ஆந்திரா, ஒடிசா பக்கம் திரும்பி வடக்க ஏறுதெண்டா மலையில மேல ஏறாம கீழ ஊர்ல நில்லுங்க, ரெண்டு மூண்டு நாள் போகட்டும். இதை எங்களை விட நல்லா விளங்கிக்கொள்ளக்கூடிய சனம் இல்ல, ஆனா அங்க போனதும் எங்கட கடலுக்கும் அந்த மலைக்கும் ஒரு தொடர்பும் இல்லாத மாதிரி மறந்து போயிடுறம்.

உத்தராகண்ட் கேதார்கந்தா. பொடியன்மாரின்ர தெரிவு. டேராடூன்ல இருந்து ஒரு முழுநாள் ஜீப் ஓடி சாங்க்ரி, அங்க இருந்து நடை, உச்சி 3,800 மீட்டரளவில. டிசம்பர் கடைசி, ஜனவரியில உண்மையான ஸ்னோ, கூடாரத்தில படுக்கை, இரவில மைனஸ். இதின்ர நல்ல பக்கம், பாதையின்ர பெரும்பகுதி காட்டுக்குள்ளால போகுது, சரிவும் அவ்வளவு குத்தில்ல, அதால மற்ற இமயமலைப் பாதைகளோட ஒப்பிடேக்க பனிச்சரிவுக்குப் பயம் குறைவு. அடர்ந்த காடு பனியைக் கொஞ்சம் பிடிச்சு வைச்சிருக்கும், ஆனா மேல மரமில்லாத வெளியில இருந்து ஒண்டு உடைஞ்சு வந்தா மரம் தடுக்காது, இதையும் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளோணும். கடைசி ஏத்தம் மட்டும் திறந்த வெளி, குத்து, அதையும் கருக்கல்ல லைட் போட்டுக்கொண்டு சனத்தோட சனமா ஏத்துவாங்க.

பனிச்சரிவு அறிவிப்பு அங்க இருக்கு, சண்டிகர்ல இருக்கிற டிஜிஆர்ஈ எண்ட, இந்தியப் பாதுகாப்பு அமைச்சின்ர ஆராய்ச்சி நிறுவனம் உத்தரகாசி, சமோலி, ருத்ரபிரயாக் எண்டு மாவட்டம் மாவட்டமாப் போடுறாங்க. மாவட்டம் எண்டா பெரிய இடம், நீங்க நடக்கிற சரிவைப் பற்றி அது சொல்லாது, ஆனாலும் கேதார்கந்தா இருக்கிற உத்தரகாசிக்கு எச்சரிக்கை போட்டிருக்கெண்டு தெரிஞ்சா ஏஜென்சிக்காரரிட்ட கேள்வி கேக்க அது காணும். உத்தராகண்ட் பாதுகாப்பான இடம் எண்டு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2022 ஒக்டோபர் 4இல உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின்ர பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா 2 மலையில சரிவில மாட்டி 27 பேர் செத்து ரெண்டு பேர் காணாமப் போனாங்க, அவங்க பயிற்சி எடுக்கிற ஆக்கள், கூட இருந்தது பயிற்றுநர்மார். 2025 பெப்ரவரி 28இல சமோலி மானாவில ரோட்டு வேலைக்காரரின்ர முகாமுக்கு மேல வந்து 8 பேர் போனாங்க. கேதார்கந்தா அந்த இடங்கள் மாதிரி இல்ல, அது உண்மை, ஆனா அதே மலைத்தொடர், அதே பனி.

எனக்குக் கேதார்கந்தாவில பிடிக்காத விசயம் நாள்கணக்கு. ஏஜென்சி போடுற திட்டத்தில உச்சிக்கு ஒரே ஒரு காலமைதான் இருக்கும். அண்டைக்கு முதல்நாள் ராத்திரி ஒரு அடி ஸ்னோ விழுந்தாலும், பின்னால அடுத்த கூட்டம் அதே கூடாரத்துக்கு வந்துகொண்டிருக்கும், உங்கட ட்ரெயின் டிக்கட் வேற நிக்கும், அப்ப ஏறுறதா இல்லையா எண்டதை பனி தீர்மானிக்காது, டிக்கட் தீர்மானிக்கும்.

கனடாவைப் பற்றிக் கொஞ்சமாச் சொல்லுறன், ஏனெண்டா எங்கட கூட்டத்துக்கு இது இப்போதைக்குச் சரிவராது. ஸ்காபரோவில சொந்தக்காரர் இருக்கிறது உண்மை, ஆனா மலை இருக்கிறது மறு கரைப்பக்கம், டொரண்டோவில இருந்து கல்கரிக்கு பிளேன்லயே நாலு மணித்தியாலம். அறிக்கையைப் பொறுத்தவரை உலகத்தில ஆகத் திறமான இடங்கள்ல ஒண்டு, ரெவல்ஸ்டோக்ல இருக்கிற அவலாஞ்ச் கனடாவும், பான்ஃப் பக்கம் பார்க்ஸ் கனடாவும் போடுறாங்க, சரிவான இடங்களை எளிது, சிரமம், சிக்கல் எண்டு வகைபிரிச்சும் வைச்சிருக்கிறாங்க. ஆனா ராக்கிஸ் மலையில கடுங்குளிர், பனி மெல்லிசு, நான் மேல சொன்ன அந்த ஒட்டாத படிக அடுக்கு அடியில உருவாகி கிழமைக்கணக்கா, சில வருசம் மாசக்கணக்கா அப்பிடியே கிடக்கும், மேல பார்த்தா ஒண்டும் தெரியாது, பத்துப் பேர் போன சரிவில பதினோராவது ஆள் உடைப்பார். 1910 மார்ச் 4இல ரோஜர்ஸ் பாஸில ஒரு சரிவு விழுந்து மூடின தண்டவாளத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு நிண்ட ரயில்வே வேலைக்காரரை எதிர்ப்பக்க மலையில இருந்து வந்த இன்னொரு சரிவு மூடி 58 பேர் செத்தாங்க, கனடாவில ஆகப்பெரிய பனிச்சரிவுச் சாவு அதுதான். சொந்தக்காரரோட பான்ஃப் போனா லேக் லூயிஸ் கரையில நிண்டு படம் எடுங்க, கோடையில எல்லாரும் நடக்கிற பிளெய்ன் ஒஃப் சிக்ஸ் கிளேசியர்ஸ் பாதையை மாரியில தொடாதீங்க, அது சரிவு விழுற வழி. அங்க மலையில நடக்கத்தான் போறம் எண்டா ஏஎஸ்டி 1 எண்ட ரெண்டு நாள் கோர்ஸை முதல்ல செய்யுங்க. நோர்வேயும் இதே மாதிரித்தான், வார்சொம் எண்ட தளத்தில அறிக்கை நல்லா வரும், ஆனா மாரியில பகல் நேரம் குறைவு.

சாமானைப் பற்றி. குறிச்ச பாதையை விட்டு வெளிய போற ஒவ்வொருத்தரிட்டயும் பனிக்குள்ள மூடுப்பட்ட ஆளைச் சிக்னலால தேடிப்பிடிக்கிற ட்ரான்சீவர், ப்ரோப் எண்ட நீட்டுக்கம்பி, மண்வெட்டி மூண்டும் இருக்கோணும், மூண்டில ஒண்டு இல்லாட்டி மற்ற ரெண்டும் வீண். மூடுப்பட்ட ஆளை முதல் பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தா பத்தில ஒம்பது பேர் பிழைப்பாங்க, அரை மணித்தியாலம் போனா மூண்டில ஒராள்தான். ஹெலி வாற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிக்கிற வேலை இல்ல, பக்கத்தில நிக்கிறவர்தான் எடுக்கோணும். போன வருசம் மச்சான் திருவிழாவுக்கு வரேக்க ரெண்டு ட்ரான்சீவர் கொண்டுவந்தவர், உப்புவெளிக் கடற்கரையில பின்னேரம் ஒண்டை பொலித்தீன் பையில சுத்தி முழங்கை ஆழத்துக்கு மணலுக்குள்ள தாட்டிட்டு மற்றதை எங்களிட்டத் தந்தார். அது 457 கிலோஹெர்ட்ஸ்ல வேலை செய்யிற சாமான், மணலுக்குள்ளாலயும் பிடிக்கும். திரையில அம்பு ஒண்டு, பக்கத்தில இலக்கம், 31, 24, 17, அம்பு நேரா ஓடாது, வளைஞ்சு வளைஞ்சு கொண்டுபோகும், மூண்டுக்குக் கீழ வந்ததும் ஓடுறதை விட்டிட்டு முழங்கால்ல இருந்து சாமானை மணலோட மணலா வைச்சு முன்னுக்குப் பின்னுக்கு, பிறகு இடம் வலம், ஆகக் குறைஞ்ச இலக்கம் எங்கயோ அங்க ஒரு அடையாளம். அங்க இருந்து ஒரு சாண் இடைவெளியில சுத்திச் சுத்திக் கம்பியால குத்தோணும். வள்ளத்துக்குப் பக்கத்தில விளையாடிக்கொண்டு நிண்ட பிள்ளைகள் எல்லாம் வந்து சுத்தி நிண்டிட்டுதுகள், ஒரு பத்து வயசுப் பிள்ளை எங்கட பெரிய ஆக்களை விட வேகமா எடுத்தாள், ஏனெண்டா அவள் அந்த இலக்கத்தை மட்டும்தான் பார்த்தாள், எங்கட ஆக்கள் மணலைப் பார்த்தாங்க. மச்சான் சொன்னது, மணல் தோண்டுறது லேசு, சரிஞ்சு வந்து நிண்ட பனி கொங்கிரீட்டா இறுகும், ஒரு மீட்டர் தோண்ட ஒராளால ஏலாது, நாலைஞ்சு பேர் மாறி மாறித் தோண்டோணும். ரெண்டு பேரா பாதையை விட்டுப் போறதை நான் வேண்டாம் எண்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உயரத்தையும் ஒரு சொல்லுச் சொல்லோணும், நாங்க கடல் மட்டத்தில படுத்து எழும்புற ஆக்கள். 3,000க்கு மேல போனா படுக்கிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, தலையிடியோட சத்தி வந்தா ஏறாம நில்லுங்க, கூடினா இறங்குங்க. இதுவும் நாள் கையில இருந்தாத்தான் செய்ய ஏலும்.

அப்ப என்ர முடிவு. விசா கிடைச்சா, பிள்ளைகளோட போற குடும்பங்கள் சுவிஸுக்குப் போங்க, ரோஸ் பலகைப் பாதையில மட்டும் நடங்க, ஐஞ்சு மணிக்கு அறிக்கையை வாசிச்சுப் பழகுங்க. விசா கிடைக்காட்டி, இல்லாட்டி காசு அந்தளவுக்கு இல்லாட்டி, நவம்பர் கடைசி டிசம்பர் தொடக்கத்தில அன்னபூர்ணா, திரும்பி வாற டிக்கட்டை நடை முடியிற நாளுக்கு மூண்டு நாள் தள்ளிப் போட்டு. வெளிநாட்டு ஆக்கள் கைட் இல்லாம நடக்கேலாதெண்டு 2023 ஏப்ரல்ல இருந்து சட்டம் இருக்கு, சட்டம் இல்லாட்டியும் கூட்டிக்கொண்டு போங்க, ஹிங்கு பக்கத்துத் துண்டை எத்தினை மணிக்குக் கடப்பீங்க எண்டு அவரிட்ட முதல் நாளே கேளுங்க, விடிய முன்னம் எண்டு சொல்லாட்டி வேற ஆளைப் பாருங்க. பொடியன்மார் கேதார்கந்தாதான் எண்டு நிண்டா நான் மறிக்கமாட்டன், ஆனா ஏஜென்சிக்குக் காசு கட்ட முன்னம் மூண்டு கேள்வி: பனி விழுந்தா உச்சிக்கு இன்னொரு காலமை இருக்கா, உத்தரகாசிக்கு எச்சரிக்கை இருந்தா யார் எந்த நேரம் நிப்பாட்டுவார், அப்பிடி நிப்பாட்டினா காசில எவ்வளவு திரும்ப வரும். இதுக்கு எழுத்தில பதில் தாற ஆளோட மட்டும் போங்க. கனடா அண்ணை இந்த வருசம் தனியப் போய் சொந்தக்காரரைப் பார்த்திட்டு வரட்டும், அந்த ரெண்டு நாள் கோர்ஸையும் முடிச்சிட்டு வந்தாரெண்டா அடுத்த தரம் எங்களுக்குப் படிப்பிக்க ஒராள் இருக்கும்.

விசாவுக்குக் கடுதாசி கட்டுறவங்க இந்த மாசத்துக்குள்ள தொடங்குங்க, அக்காவிட்ட ஸ்பொன்சர் கடிதம் கேக்கிற வேலையை நான் பார்க்கிறன். ட்ரான்சீவர் ரெண்டும் எங்கட வீட்டிலதான் இருக்கு, கச்சான் காத்து குறைஞ்ச ஒரு பின்னேரம் உப்புவெளிக்கு வாங்க, போற எல்லாரும், நேபாளம் மட்டும் போற ஆக்களும்.